ஒரு வேளை மௌனம்

...அத்தன அடியும் ஒரே தோள்ல, கிகுயோ. இந்த வலது தோள்ல. சட்டையக் கழட்டிக் காட்டவா? வேணாமா, சரி, சாப்பிடற நேரம்.

மொறைக்காத. ஒரு வேளைச் சோறு, பேச வாயே தொறக்காம நான் சாப்பிட்டு முடிச்சா உங்க அக்கா ஹட்சுமி வீட்ட விட்டுத் திரும்பி வர்றேன்ன. ஞாபகம் இருக்கு. ஆனா நான் சாப்பிடற குச்சிய இன்னும் கையில எடுக்கலையே? அப்ப இது சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு. கணக்குல வராது.

உனக்காகத்தானே மலைக்கோயிலுக்குப் போனேன்? மீன் பட்டா ஒரு கூப்பாடு, படலேன்னா ஒரு கூப்பாடு, இந்த ஆளால காதே போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியே... சரி, அடங்கிப் பாப்போம்னு போனா, தியானம்னு செவுத்தப் பாத்து உக்காருங்கறாங்க. செவுரு, பேச்சுக் குடுத்தா ஒரு 'உம்' கூடக் கொட்டாது.

தும்மல் வந்துச்சு. மன்னிச்சுக்குங்கன்னு பக்கத்து ஆளப் பாத்துக் கையக் கூப்பினேன். பின்னாலேர்ந்து தட்டையான கட்டையால தோள்ல பளார்னு ஒண்ணு. என்னடா தப்புப் பண்ணிட்டோம்னு அடிச்ச சாமியாருக்கு ஒரு கும்பிடு போட்டேன். மறுபடியும் பளார். அங்க கையக் கூப்பினா, தூக்கம் வருது, ஒண்ணு போடுங்கன்னு அர்த்தமாம். எனக்கு யாரு சொன்னா? சொல்லித்தான் இருப்பாங்க, அப்ப நான் பேசிட்டிருந்தேன்.

அப்புறம் பெரிய சாமி கூப்பிட்டு, 'மனசு கடல் மாதிரி, அலை ஏறும், எறங்கும், நீ சும்மா பாத்துட்டிரு'ங்கறாரு. சாமி, நான் கணவா மீன் படகு ஓட்டறவன், அலை வர்றப்ப சும்மா பாத்துட்டிருந்தா கவுந்துடாதான்னேன். சாயங்காலம் வரைக்கும் இதையே கேட்டேன். கடைசியில அவரே கையக் கூப்பினாரு, கிகுயோ. அடி வாங்கறதே மேலுன்னு தோணிருச்சு மனுசனுக்கு.

ஆனா ஒண்ணு. அர்த்தம் தெரிஞ்சப்புறமும் நான் கூப்பினேன். நீ வரணும்னு வேண்டிக்க எனக்கு வேற வழி தெரியல. அடி விழட்டும்னு கூப்பினேன். நீ போனதுலேர்ந்து இந்த வீட்ல நான் வாயே தொறக்கல, தெரியுமா? யாருகிட்டத் தொறக்க? அமைதி, அமைதின்னியே, இருந்து பாத்தேன். பயமா இருந்துச்சு.

முள்ளங்கி ஊறுகா நல்லா ஊறியிருக்கு... ஐயோ. குச்சிய எப்ப எடுத்தேன்? கிண்ணமே காலி.

போச்சு. சரி, எந்திரி. தப்பு என் மேலதான். பஸ் இன்னும் இருக்கு, நானே கொண்டு வந்து விடறேன்... பெட்டியக் குடு. எங்க எடுத்துட்டுப் போற? வாசல் இந்தப் பக்கம்மா. அது துணி வைக்கிற அலமாரி.