ஏழாம் நம்பர் மலையும் பால் போத்தலும்

பெல்மதுளையிலிருந்து றக்வானைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவளுக்கு எட்டு மாதம் இருக்கும். புதிதாக வாங்கிய பால் போத்தலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான் அவன். அவள் அதைத் தொடவில்லை.

“நேத்து மணிக்கூட்ட கட்டிக்கிட்டு, நான் கொழுந்தெடுக்கிற ஏழாம் நம்பர் மலைக்கு ஏறி எறங்கினேங்க.”

“இந்த வயித்தோடயா? ஒனக்கென்ன பைத்தியமா?”

“மூத்தவளுக்கு என் பால் பாதியில நின்னுபோன மாதிரி இதுக்கும் நிக்கக்கூடாது. வேலைக்குப் போனா பால் குடுக்க ஒரு மணித்தியாலம் வுடுவாங்க. மலையிலருந்து கீழ புள்ள காம்பராவுக்கு எறங்க இருவது நிமிசம், திரும்ப ஏற அரமணி. புள்ளைக்கு மிச்சம் பத்து நிமிசந்தான். நான் வந்து சேர்றதுக்குள்ள, அங்க பாத்துக்கிற ஆயம்மா பால்மா கரைச்சு குடுத்துருவாங்க.”

“அதுக்குத்தானே இத வாங்குனேன்.”

“ரெண்டாம் நம்பர் மலையிலருந்து அஞ்சே நிமிசம். கொழுந்தெடுக்க என்னைய அங்க போடச் சொல்லி கணக்கப்புள்ளகிட்ட இப்பவே கேக்கப்போறேன்.”

“அவரு முடியாதுன்னா?”

“மணிக்கூட்ட அவரு கையில குடுத்து, நீங்களே ஒருக்கா ஏறி எறங்கிப் பாருங்கன்னு சொல்லுவேன்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. போத்தல் உருண்டு விழாமல் அவன் மடியில் பிடித்துக்கொண்டான்.

“அப்ப இத என்னா செய்ய?”

“தேங்காண்ணெய் ஊத்தி வைங்க. கோடு போட்டிருக்குல்ல, கறிக்கு அளந்து ஊத்தலாம்.”