வாயசைத்துப் பாடுகிறவர்

மீமிசலில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களும் மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர்கள். மைக் சரியில்லை, ஃபேன் ஓடவில்லை என்று வழிநெடுகக் கோயிலைப் பற்றிக் குறை. திடீரென்று இளையவள் சொன்னாள்:

"மதினி, அந்த ஐஸ் கம்பெனியில வேல பாக்குறவரு ஊமை இல்ல. நேத்து ஐஸ் வாங்கப் போனப்ப எங்கிட்ட நல்லாப் பேசுனாரு."

"யாரு, வடக்கேருந்து வந்தவரா? பூசையில வாய மட்டும்தான அசைப்பாரு?"

"அவுக ஊர்ல பாட்டுச் சத்தம் வெளிய கேட்டா வீடு பூந்து அடிப்பாங்களாம். ரெண்டு தடவ கோயிலையே கொளுத்திட்டாங்களாம். அதுனால ஒரு வீட்டுல கூடி, கதவச் சாத்திக்கிட்டு, எல்லாரும் வாய மட்டும் அசைச்சுத்தான் பாடுவாங்களாம்."

"அடி ஆத்தி! அம்புட்டு நடந்தும் விடலையா?"

"ஒரு ஞாயித்துக்கெழமகூட விட்டதில்லையாம்."

"இங்கிட்டுத்தான் பயமில்லையே. சத்தமாப் பாடச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன் மதினி. 'பூசை நேரத்துல எங்க ஊர்லயும் பாடிக்கிட்டு இருப்பாங்க. நான் அவங்களோட சேந்து பாடுறேன்'னாரு."

அறந்தாங்கியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மதினியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.