மூன்று நாள் பிணம்

வெறும் வயிற்றில் பேசினால் எனக்குத் தலை சுற்றும். பொரி கொடுத்தீர்கள், புண்ணியமாகப் போகட்டும். நான் கதாதர பட்நாயக். இந்த மலைநாட்டு அரண்மனையின் சடங்குகளை மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டார்தான் பார்த்துக்கொள்கிறோம். காட்டுக் குழியில் கிடைத்த எலும்பைப் பற்றித்தானே விசாரிக்கிறீர்கள். அது மங்குளுதான்.

நம் ராஜா பட்டம் சூடும்போது புய்யான் என்னும் மலைக்குடியில் ஒருவன் தரையில் உட்காருவான். அவன் மடிதான் சிம்மாசனம். பிறகு அதே குடியில் மங்குளுவின் குடும்பத்தில் ஒருவன் கழுத்தை நீட்டுவான். ராஜா வாளைப் பட்டும் படாமலும் வைப்பார். அவன் செத்ததாகப் பெயர். மூன்று நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, நான்காம் நாள் சபைக்கு உயிரோடு வந்து நின்றால், அந்த ராஜா உள்ளவரை அவன் ஊருக்கு வரியில்லாத நிலம். வராவிட்டால் நிலம் அரண்மனைக்கு. அவனை ஒளித்துவைக்கும் இடம் எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். சோறு கொண்டுபோவதும் நாங்களே.

பதினாறு வயது ராஜா அந்த மடியில் உட்கார்ந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த முறை கழுத்தை நீட்டியவன் மங்குளு. ஒளித்துவைக்கக் காட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் சிரித்தான்.

"என்னங்கய்யா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? எங்காளு மடி இல்லேன்னா உங்க ராஜாவுக்கு உக்கார எடமேது?"

நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மை; அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இருக்க வேண்டியவன் தயவில் மேலே இருப்பவன் வாழ்ந்தால் நாடு உருப்படுமா?

கொடியேணியில் பாறைக்குழிக்குள் இறங்கினான். "நாளைக்கு வர்றப்போ கொஞ்சம் அரிசிக்கள்ளு கொண்டாங்க. செத்தவனுக்கும் தாகம் எடுக்குமில்ல?" என்றான். நான் ஏணியை மேலே இழுத்துச் சுருட்டிவைத்தேன்.

மறுநாள் நான் சோறும் தண்ணீரும் இல்லாமல் போய் நின்றதை வேடிக்கை என்றே நினைத்தான். அதற்கு மறுநாள், "அப்பா, எம்மவளுக்கு இப்பத்தான் பல்லு மொளைக்குது, ஏணியப் போடுங்கப்பா" என்றான். ஒருவனைத் தனியாகச் சாகவிடுவது பாவம் என்பதால் தினமும் பகலில் போய் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"மங்குளு, ஊரே பாக்கச் செத்தவன் நீ. செத்தவன் தண்ணி கேக்கலாமா?" என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

நான்காம் நாள் சபையில் அவன் மனைவி குருபாரி குழந்தையும் புது வேட்டியுமாக நின்றாள். சாயங்காலம்வரை பறை அடித்தார்கள். ராஜா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வாள் பலமாப் பட்டிருச்சா, பட்நாயக்?"

"இல்ல மகாராஜா. தெய்வமே அவனை ஏத்துக்கிச்சு."

குருபாரி அழவில்லை. "பொணத்தையாவது குடுங்கய்யா" என்றாள். ராஜாவின் வாளுக்குப் பலியானவனுக்குப் பிணம் கிடையாது என்றேன். அவள் நம்பினாள், நாங்கள் சொல்வதை அவர்கள் நம்பித்தான் பழக்கம். மழைக்கு முன்பே அந்த ஊரைக் காலிசெய்தோம். இப்போது அங்கே அரண்மனைக் கோயிலுக்கு நெல் விளைகிறது. என்னைக் கழுவேற்றினாலும் அதை நீங்கள் திருப்பித் தரப்போவதில்லை, எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாளும் குழியில் முனகல் கேட்டது. ஆறாம் நாள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

கொலை என்கிறீர்கள். அந்தச் சொல்தான் மனதை அறுக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ஜனங்களில் ஒருவரையும் என் விரல் தீண்டியதில்லை. மங்குளுவையும் கடைசிவரை நான் தொடவே இல்லை.