ஏர்பேக் மேல் அமர்ந்த பிள்ளையார்

“அண்ணாத்தே, உன் புள்ளையாரே அக்கா மூஞ்சில பாய்வாரு!”

திருமுல்லைவாயில் கோயில் வாசலில், பூஜைக்குக் காத்திருந்த வண்டிகளின் வரிசையில் இச்சொல் எழுந்தது. சொன்னவர் பின்வண்டிக்காரரான மெக்கானிக். முன்னே புதுக் காரின் சொந்தக்காரர் மாலையும் கையுமாக நின்றார். அருகில் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி.

“இன்னாபா, நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசற?”

“அக்கா சீட்டுக்கு நேரா, ஏர்பேக் மூடி மேல ஒட்டி வெச்சுகீறியே! எங்கனா இடிச்சா பை வெடிச்சுக்கினு வரும். வெண்கலச் சிலை அதுக்கு முன்னாடி பறக்கும்.”

“காப்பாத்தத்தானேபா வெச்சேன்!”

“காப்பாத்துவாரு. பை தொறக்க வழி உடு!”

மனைவி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். “எடுத்துடுங்க, இப்பவே.”

“ஐயர் வந்துட்டாரும்மா! அடுத்தது நம்ம வண்டி!”

“போவட்டும். கோயிலு உள்ள கீற சாமி காத்துகினு இருப்பாரு” என்றாள் அவள்.

கார் வரிசையை விட்டு விலகியது. மெக்கானிக் மாலையிலிருந்து நூலை உருவி, பசையை அறுக்கத் தொடங்கினார்.

“வந்துட்டாரு!” என்று, சிலை பெயர்ந்ததும் மூவரும் கூவினர்.

முதற்பூசைக்குரிய பெருமான், அன்று அவள் கைகளில் அமர்ந்து வரிசையின் கடைசியில் காத்தருளினார்.