குப்பைக் கார்த்திகையும் ஏழேகால் மணிச் செய்தியும்

சைரன். ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. ஒரே சுரத்தில் நீட்டி ஊதினால் ஆபத்து நீங்கியது என்று பொருள். இது அது இல்லை.

"மேசைக்கடியில போ! தலையக் குனி!"

அப்பா கத்துகிறார். நுழைகிறேன். ரேடியோவையும் கூடவே இழுத்துக்கொள்கிறேன். அதன் முகப்பில் எரியும் சின்ன வெளிச்சத்தின்மேல் அப்பாவின் துண்டைப் போர்த்தியிருக்கிறோம். வீட்டில் வேறு வெளிச்சம் இல்லை.

1971, டிசம்பர் மூன்று. வெள்ளிக்கிழமை. கல்கத்தாவில் டாக்குரியா, ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஒரு கீழ்த்தள வாடகை வீடு. எனக்கு வயது பதினான்கு. மணி ஏழு பத்து. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. ஏழேகாலுக்குத் தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. ஐந்து நிமிடம் முன்னால் பெட்டியைப் போட்டு வால்வைச் சூடாக்குவது என் வேலை. அன்று நான் குமிழைத் திருப்பியதும் சைரன் தொடங்கியதும் ஒன்றாக நடந்தன.

இப்போது எனக்கு அறுபத்தெட்டு. அதே டாக்குரியாவில்தான் இருக்கிறேன், லிஃப்ட் வைத்த ஃபிளாட்டில். சென்ற ஆண்டு போர் வரும் என்ற பேச்சு எழுந்தபோது, பக்கத்து ஃபிளாட்டுக் கோயம்புத்தூர்ப் பையன்கள் போனில் சைரன் சத்தத்தை ஓடவிட்டுச் சிரித்தார்கள். நல்ல பையன்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை. பிழை அவர்களுடையது இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் முருகேசன் ராணுவத்தில் இருந்தான். கிழக்கு எல்லையில். எந்த இடம் என்று கடிதத்தில் எழுத அனுமதி இல்லை. நவம்பர் நடுவில் கடைசிக் கடிதம். அதன்பிறகு இல்லை.

அம்மா பெயர் பகவதி. திருநெல்வேலிக்காரி. கல்கத்தாவில் பத்தொன்பது வருஷம் இருந்தும் மீன்காரனிடம் "நா, நா", வேண்டாம் வேண்டாம், என்று விரட்டும் அளவுக்குத்தான் வங்காளம். மாடிவீட்டு ரேடியோ நாள் முழுவதும் வங்காளத்தில் போரைப் பேசும். அம்மாவுக்கு அது வெறும் இரைச்சல். அவளுக்கு அண்ணனைப் பற்றிய உலகம் ஏழேகாலுக்குத் திறக்கும், பத்து நிமிடத்தில் மூடும். அந்தப் பத்து நிமிடமும் என் விரல் குமிழில் இருக்க வேண்டும். சிற்றலை நழுவும். ஒரு மயிரிழை திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. அம்மா தொட்டால் முள் நகர்ந்து சீன ரேடியோ வந்துவிடும்.

அந்த வாரம் கார்த்திகை. ஒன்றாம் தேதி பெரிய கார்த்திகை. வராந்தா முழுக்க அகல். மாடிவீட்டு வங்காளி அம்மாள் இறங்கி வந்து (மாஷிமா என்போம், சித்தி என்று பொருள்), தீபாவளி முடிந்து இத்தனை நாள் கழித்து இன்னொரு தீபாவளியா என்று கேட்டார். மூன்றாம் தேதி குப்பைக் கார்த்திகை. எங்கள் ஊர்ப்பக்கம் அன்று குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு வைப்பார்கள். அம்மா ஐந்தரைக்கே கொல்லைப்புறச் சுவரோரம் குப்பைக் குழியருகில் ஒரே ஒரு அகல் ஏற்றினாள். "முருகேசனுக்கு" என்று சொல்லி ஏற்றினாள். என் காதில் விழுந்தது.

ஆறரைக்கு மேல் மாஷிமா மாடியிலிருந்து கத்தினார். மேற்கே விமானத் தளங்களில் குண்டு. போர். அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தெரு விளக்குகள் அணைந்தன. ஜன்னலில் பழுப்புத் தாள் ஒட்டினோம். அவசரத்தில் பசை சிந்தியது. கொல்லை விளக்கை மூவரும் மறந்தோம்.

ஏழு பதினாலு. சைரன் ஓய்கிறது. இப்போது தெருப் பையன்களின் குரல்.

"ஆலோ! ஆலோ நேபாவ்! பெச்சொனே ஆலோ!"

விளக்கு. விளக்கை அணை. பின்பக்கம் விளக்கு. கொல்லைக் குளியலறையின் தகரக் கூரையில் ஒரு கல் விழுகிறது. டங். இன்னொன்று. யாரோ "ஸ்பை!" என்கிறான். அந்த நாளில் அந்த ஒரு சொல் போதும், வீடு புகுந்து அடிப்பார்கள். வானத்தில் நிலா ஏறிக்கொண்டிருந்தது. ஊரே விளக்கை அணைத்தது, நிலாவை யார் அணைப்பது? அதை யாரும் யோசிக்கவில்லை.

"ஏட்டி, ஓடு! வெளக்க உள்ள எடுத்துட்டு வா!" என்றாள் அம்மா.

"செய்தி வந்துட்டும்மா! கைய எடுத்தா போயிரும்!"

இதுதான் நான் சொன்னது. பொய் இல்லை. கையை எடுத்தால் போய்விடும். அம்மா இருட்டில் கொல்லைக் கதவைத் தடவித் திறந்தாள். "சரி, நீ கேட்டு வை. நான் வந்ததும் சொல்லு" என்றாள். போனாள்.

ஊதி அணைத்திருந்தால் ஒரு மூச்சு. அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊதக் கூடாது. பூவால் குளிர வைக்க வேண்டும். அன்று அதையும் செய்யமாட்டாள். போர் என்று காதில் விழுந்த அரைமணிக்குள், எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு ஏற்றிய விளக்கை எந்தத் தாய் அணைப்பாள்? எரிய எரிய அகலை உள்ளங்கையில் எடுத்தாள். வெளிச்சம் வெளியே தெரியாமல் முந்தானையை வளைத்து மூடினாள். துர்கா பூஜைக்குக் கடியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய நைலக்ஸ் புடவை. கசங்காது என்று ஆசையாகக் கட்டுவாள்.

புஸ். அவ்வளவுதான் சத்தம். பழைய துணியைக் கிழிப்பதுபோல. பிறகு அம்மாவின் குரல். அதை எழுதமாட்டேன்.

கொல்லை முழுக்க வெளிச்சம். பழுப்புத் தாளைத் தாண்டி அறைக்குள் ஆரஞ்சு நிறம். அப்பா ஓடுகிறார். நான் குமிழை விடவில்லை. எத்தனை நொடி என்று தெரியாது. செய்தி வாசிப்பவர் மேற்கு எல்லையிலேயே நின்றார். கிழக்கு இன்னும் வரவில்லை. கிழக்கு வரட்டும் என்று விரல் காத்திருந்தது. அந்த விரலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அப்பா வெறும் கையால் அடித்து அணைத்தார். நைலக்ஸ் உருகி ஒட்டும். அவர் கையிலும் ஒட்டியது. நான் ஜமுக்காளத்தோடு போய்ச் சேர்ந்தபோது தீ முடிந்திருந்தது.

கல் எறிந்த பையன்கள்தான் சுவரேறிக் குதித்து வந்தார்கள். அம்மாவைப் பார்த்து "மாஷிமா, மாஷிமா" என்று அழுதார்கள். இரண்டு டாக்ஸி நிற்கவில்லை. சரக்கு ஏற்றும் சைக்கிள் வண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இருட்டில் குழி தெரியவில்லை. ஒவ்வொரு குழிக்கும் அம்மா முனகினாள். வழியெல்லாம் ஒருவன் முன்னால் ஓடிக் கத்தினான்: "ஷோரோ! ஷோரோ!" விலகு, விலகு.

ஆஸ்பத்திரி ஜன்னல்களிலும் கருப்புத் தாள். மறுநாள் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. முதலில் கேட்டது என்னைத்தான்.

"கெழக்க என்ன சொன்னான்?"

"அண்ணன் பக்கம் எல்லாரும் சொகமா இருக்காவன்னு சொன்னான்மா."

எந்த வானொலியும் அப்படிச் சொல்லாது. அம்மா நம்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான்காம் நாள் விடியும்போது போய்விட்டாள்.

அண்ணன் பிப்ரவரியில் ஹவுராவில் வந்து இறங்கினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தந்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அப்பா பிளாட்பாரத்திலேயே சொன்னார். வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் அப்பா ஒன்று கேட்டார்.

"மூணாந்தேதி சாயங்காலம் நீ எங்கலே இருந்த?"

அண்ணன் வெகுநேரம் யோசித்தான். அன்று அவன் பிரிவுக்கு ஓய்வு. குளத்தில் குளித்துவிட்டுச் சட்டை துவைத்துக்கொண்டிருந்தானாம்.

அப்பா தலையாட்டினார். சமையலறைக்குப் போய் உலை வைத்தார்.

இழந்ததை எழுதிவிடுகிறேன். அன்று எங்கள் தெருவில் குண்டு விழவில்லை. தலைக்கு மேல் ஒரு விமானச் சத்தம்கூட இல்லை. அப்பாவின் வலக்கையில் மூன்று விரல்கள் பிறகு மடங்கவில்லை. அண்ணனுக்கு அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் வீட்டு விபத்து என்று எழுதினார்கள். போரில் செத்தவர்களை எண்ணியவர்கள் அம்மாவை எண்ணவில்லை.

நான் எண்ணுகிறேன். பகவதி. நாற்பத்திரண்டு வயது. ஒருவர்.