சம்பந்தி காதில் என் பாட்டுப்பெட்டி

வானை முட்டும் மலைகளுக்குக் கீழே, வயிற்றை முட்டும் விருந்துக்கு மேலே, இந்த மாபெரும் அவையைக் கட்டி மேய்க்கும் விருந்துத் தலைவர், என் இனிய நண்பர் ஒரோஸ்பெக் அவர்களே! வெண்தாடியும் வெள்ளைக் கல்பாக் தொப்பியுமாக, பனி மூடிய சிகரங்கள் பந்தியில் வந்து அமர்ந்தாற்போல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விடிந்ததிலிருந்து மாவு பிசைந்து, போர்சோக் பொரித்து, எங்கள் ஏச்சையும் பேச்சையும் சேர்த்தே பொரித்தெடுத்த தாய்மார்களே! கணவாய் கடந்து அட்பாஷியிலிருந்து பெண்ணழைத்துப் போக வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே! இறுதியாக, ஆனால் உறுதியாக, காதில் இரண்டு கறுப்புக் குமிழ்களைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, நான் பேசும் ஒரு சொல்லும் செவியில் ஏறாமல் மேடையில் வீற்றிருக்கும் என் சம்பந்தி எசென்குல் அவர்களே!

பார்த்தீர்களா? திரும்பவே இல்லை! திரும்ப மாட்டார்! ஏன் திரும்ப மாட்டார்? அவர் காதில் இருப்பது காற்றல்ல, பஞ்சல்ல, என் பாட்டுப்பெட்டி! அடியேன் மாம்பெட்டலி, மணப்பெண்ணின் தாய்மாமன், ஆசை ஆசையாக வாங்கிய பாட்டுப்பெட்டி!

நான் இந்த மேடைக்கு ஏன் வந்தேன்? வாழ்த்தவா? வாழ்த்த இங்கே ஆளா இல்லை? வணங்கவா? வணங்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வழக்கம் எனக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. அதைக் கொண்டாட வந்தேன். பெண்ணழைத்துப் போகும் காரை மறித்துக் கயிறு கட்டுவது தாய்மாமன் உரிமை. கயிறு கட்டியவன் ஒன்றைக் கேட்கலாம். ஒன்றே ஒன்று! கேட்டால் சம்பந்தி மறுக்கக் கூடாது. இதோ வாசலில் கயிறு கட்டியாயிற்று. குதிரைவால் மயிரில் நானே திரித்த கயிறு. காரென்ன, ரயிலே வந்தாலும் கனைத்துக்கொண்டு நிற்கும்!

என்ன கேட்கப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவன் இந்த ஊரில் உண்டா? என் பாட்டுப்பெட்டி எனக்கு வேண்டும்! ஆனால் அதைக் கேட்கும் முன், அது எப்பேர்ப்பட்ட பெட்டி என்று மாப்பிள்ளை வீட்டார் அறிய வேண்டாமா?

தலைநகரத்துச் சந்தையில் வாங்கினேன். அளவு என்ன? ஒரு குருத் உருண்டை! தயிரை உப்புப் போட்டு உருட்டிக் காயவைப்போமே, அந்த அளவு! பையில் போட்டால் சட்டைக்கே தெரியாது. ஆனால் உள்ளே? ஆயிரம் பாட்டு! கோமுஸ் மீட்டுகிறவர்கள் ஒரு பக்கம், குரல் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், அத்தனை பேரும் அந்த உருண்டைக்குள் கூடாரம் போட்டுக் குடியிருக்கிறார்கள். எங்கே படுப்பார்கள், எதை உண்பார்கள் என்று எனக்குப் பெருங்கவலை. இரவு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி வைத்தேன். காலையில் ரொட்டியைக் காணோம்! சிரிக்காதீர்கள். எலி தின்றது என்கிறார்கள் வீட்டில். எலி தின்றால் மறுநாள் பாடகர்களின் குரல் ஏன் அவ்வளவு கணீரென்று இருந்தது?

மேய்ச்சல் மலையில், குதிரை மேல் அமர்ந்து, முதன்முதலாக மாட்டினேன் காதில். மாட்டினேனோ இல்லையோ, மலை அசைந்தது! மரம் இசைந்தது! ஆறு தாளம் போட்டது! பெண்குதிரைகள் பால் கறக்கவில்லை ஐயா, புளித்து நுரைத்த குமிஸாகவே கறந்தன! ஆட்டைத் தின்ன ஓர் ஓநாய் வந்தது. ஒரு குமிழைக் கழற்றி அதன் பக்கம் நீட்டினேன். உட்கார்ந்தது. கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. போகும்போது ஆட்டிடம் நலம் விசாரித்துவிட்டுப் போயிற்று!

யாரது, கடைசி வரிசையில் 'புளுகு' என்றது? தைச்சுபெக்கா? தம்பி, அந்த ஓநாயைச் சாட்சிக்குக் கூப்பிடட்டுமா? உன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைப்பேன்!

பேட்டரியைச் சொல்லவா? ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் போதும். பனி உருகி, புல் முளைத்து, புல் காய்ந்து, மறுபடி பனி விழுந்தாலும் பாடிக்கொண்டிருக்கும்! பாடுகிறவன் களைப்பான், கேட்கிறவன் களைப்பான், பேட்டரி களைக்காது!

எல்லாவற்றிலும் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டால் என் மனைவி அனார்கானின் உதடு அசைவது மட்டுமே தெரியும். அந்த மாதரசி ஊமைப் படத்து நாயகிபோல... என்ன அனார்கான்? கேட்டீர்களா சபையோரே, எழுந்து நின்றே சொல்கிறாள்: "அது காதுல இல்லாதப்ப மட்டும் நான் சொன்னதக் கேட்டுக் கிழிச்சீங்களாக்கும்!" பெண்கள் பக்கம் இவ்வளவு பலமான கைதட்டல் தேவையா? மணப்பெண்ணுமா தட்டுகிறாள்?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அனார்கான் சொன்னது மட்டும் என் காதில் விழுந்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

என்றைக்கு? இளவேனிலில், சம்பந்தி முதன்முறை பெண் பேச வந்த அன்றைக்கு. ஆடு அறுத்தாயிற்று. விரிப்பில் எல்லாரும் அமர்ந்தாயிற்று. கறி பகிரும் பொறுப்பு என்னுடையது. யாருக்கு எந்த எலும்பு என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பாடமல்லவா? சம்பந்திக்கு இடுப்பெலும்பு. ஆட்டின் காதோ பொடிசுகளுக்கு. ஏன்? பெரியவர்கள் சொல் கேட்டு நட என்று பொருள். இது தெரியாமல் நம் மலையில் ஒரு கழுதைகூட வளர்ந்ததில்லை. ஆனால் என் காதிலோ கோமுஸ் குதித்தோடுகிறது! கத்தி தாளம் போடுகிறது! கை நடனம் ஆடுகிறது! அனார்கான் எதிரே நின்று வாயை அசைக்கிறாள். பாட்டு பிடித்துப்போய்க் கூடவே பாடுகிறாள் என்று நினைத்து, நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அவள் கத்தியது என்ன தெரியுமா? "ஐயோ, காதை அவர் தட்டுல வைக்கிறீங்களே!"

குனிந்து பார்த்தேன். பல் முளைக்காத ஒரு குழந்தை மடியில் இடுப்பெலும்பைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறது. அட்பாஷியின் ஆயிரம் குதிரைக்காரர், சிரிப்பு என்ற சொல்லைப் பாறையில் எழுதிப் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டவர், எசென்குல் அவர்கள், தம் தட்டில் கிடக்கும் ஒற்றை ஆட்டுக்காதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

என் தங்கை ஷைர்குல், பெண்ணைப் பெற்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற குல்பாரா, அதோ அந்த மணப்பெண், முகம் வெளுத்துப்போனாள். அந்தப் பையனை அவள் எத்தனை ஆசையோடு நினைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். சம்பந்தி கையைத் துடைத்தார். கல்பாக்கை எடுத்துத் தலையில் வைத்தார். எழுந்தார்.

"எங்களச் சொல்பேச்சு கேக்கச் சொல்றீங்க. சரி, கேட்டுக்கிட்டோம். வர்றோம்."

சம்பந்தி சாப்பிடாமல் வாசல் தாண்டினால் சம்பந்தம் ஏது? ஓடினேன்! குறுக்கே விழுந்தேன்! பேசிப் பேசியே மலையைப் பெயர்க்கும் இந்த மாம்பெட்டலியின் வாயில், அன்று ஒரு சொல் வரவில்லை ஐயா, ஒரு சொல் வரவில்லை! என்ன செய்தேன்? என் காதிலிருந்த குமிழ்களைப் பிடுங்கி, கல்பாக்கைத் தூக்கி, அவர் காதுகளில் செருகிவிட்டேன்.

ஒரு காலில் பூட்ஸ். மறுகாலில் காலுறை. அப்படியே நின்றார். குதிரைக்காரர்கள் பாடும் பழைய பாட்டு அது. முதலில் மீசை அசைந்தது. அப்புறம் காலுறைக்குள் கட்டை விரல் அசைந்தது. அப்புறம் என்ன நடந்தது? எசென்குல் அவர்கள் பூட்ஸைக் கழற்றினார்! உட்கார்ந்தார்! கண்ணை மூடியபடியே தட்டைத் தடவி, அந்த ஆட்டுக்காதை எடுத்து, வாயில் போட்டு, மென்றார்! என் தங்கை விம்மிய விம்மலில் வீடே ஆடியது!

பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். "அவமானம் அவமானம்தான். அபராதம் குடுக்கணும்" என்றார்.

"குடுக்கிறோம் சம்பந்தி! குதிரையும் அங்கியும், முறைப்படி! என் செவலைக் குதிரையவே அவுத்துட்டுப் போங்க!"

"குதிரை எங்கிட்ட நெறைய இருக்கு. அங்கி போட்டா எனக்கு வேர்க்கும்." பெட்டியைத் தம் பைக்குள் விட்டார். "இது போதும்."

இது போதுமாம்! என் உயிரை உருவிக்கொண்டு, இது போதுமாம்! அன்றிலிருந்து என் மலை ஊமை. என் ஆறு ஊமை. அனார்கான் மட்டும் ஊமை இல்லை. மருமகளுக்காகக் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். ஆனால் கயிறு கட்டும் நாள் வரட்டும், கேட்டு வாங்கிவிடுகிறேன் என்று ஒவ்வொரு மயிராகத் திரித்து வந்தேன்.

நேற்று உச்சிவெயிலில் அந்தக் கயிற்றுக்குக் கடைசி முறுக்கு ஏற்றும்போது, எதிரே வந்து குந்தினாள் குல்பாரா.

"மாமா, கயித்துக்கு என்ன கேக்கப் போறீங்க?"

"என்ன கேள்வி இது? பெட்டியத்தான்."

அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "கால்நடை வைத்தியப் படிப்புல எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு மாமா. அந்த வீட்டுல வேண்டாங்கிறாங்க. மருமகள்னா வீட்டுல இருந்து தேநீர் ஊத்தணுமாம். அவருக்குச் சம்மதம்தான், ஆனா அவங்கப்பாகிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நான் கேட்டா மரியாதைக் குறைச்சல். எங்கம்மா கேட்டா சண்டை. நீங்க கயித்துல கேட்டா... மறுக்க முடியாதுல்ல?"

"கண்ணு, வேற ஏதாச்சும் கேளேன். செவலைக் குதிரையக் கேளு. என் பல்லக் கேளு!"

"உங்க பல்லுல எனக்கென்ன வேலை மாமா?" என்று சிரித்தாள். சிரித்தாள், ஆனால் கயிற்றை விடவில்லை.

நம் முன்னோர் என்ன சொன்னார்கள்? தங்கை பிள்ளை ஒன்று வருவதற்கு ஏழு ஓநாய் வரலாம் என்றார்கள்! ஓநாய் ஆட்டோடு போகும். தங்கை பிள்ளை கேட்டால் தாய்மாமன் எதையும் மறுக்க முடியாது. இரவெல்லாம் புரண்டேன். ஒரு பக்கம் படுத்தால் பாட்டுக் கேட்கிறது. மறுபக்கம் படுத்தால் மருமகள் குரல் கேட்கிறது. கயிறு ஒன்று! கேட்கும் வாய் ஒன்று! வேண்டுவதோ இரண்டு!

என்ன, 'பெட்டியைக் கேளு' என்கிறீர்களா? யாரது, 'பெண்ணைக் கேளு' என்பது? அனார்கானா? நீ சும்மா இரு, நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேனே!

சபையோரே! தாயின் தோளோடு தோள் நின்று, கால் மடங்கிய கன்றைத் தூக்கி நிறுத்தியவள் இந்தப் பெண்! பனிப்புயலில் என் செவலை வயிறு வீங்கிக் கிடந்தபோது, தோள்வரை கையைவிட்டுக் காப்பாற்றியவள் இந்தப் பெண்! அந்தக் கை தேநீர் ஊற்றலாம், தாராளமாக ஊற்றட்டும்! ஆனால் தேநீர் மட்டுமா ஊற்ற வேண்டும்? மலையெல்லாம் மந்தை வைத்திருக்கும் வீட்டுக்கு, மருந்தறிந்த மருமகள் வருவது பாரமா, பாக்கியமா? ஒரு வருடம் ஐயா! என் பேட்டரி பாடும் நேரத்தைவிடக் குறைந்த காலம்! சம்பந்தி எசென்குல் அவர்களே, கயிற்றைத் தொட்டுக் கேட்கிறேன். பெட்டி வேண்டாம்! என் மருமகளைப் படிப்பு முடிக்க விடுங்கள்! அதுவே நான் கேட்கும் ஒன்று! அதுவே ஒன்றே ஒன்று!

அடடா, அவர் காதில்தான் விழாதே! யாராவது அவர் தோளைத் தட்டுங்கள்...

என்ன? என்ன சொல்கிறார்? ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டுங்கள்!

"தட்ட வேணாம். பேட்டரி தீந்து ரொம்ப நேரமாச்சு. மொதல்லருந்தே எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

தீர்ந்துவிட்டதா? பனி விழுந்தாலும் தீராத பேட்டரி தீர்ந்துவிட்டதா? அப்படியென்றால் என் பேச்சு எவ்வளவு நீளம்! சம்பந்தி, அந்தச் சிரிப்பு, பாறை, பள்ளத்தாக்கு... அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். ம்? ம்? சபையோரே, அமைதி! மறுபடி பேசுகிறார்!

"போன வருஷம் இருவது ஆடு செத்துச்சு. ஊசி போட ஆள் தேடி ரெண்டு கணவாய் தாண்டுனோம். எங்கிட்ட முன்னாடியே யாரும் கேக்கல. படிக்கட்டும். ஒரு வருஷம் தேநீர நானே ஊத்திக்கிறேன்."

கேட்டீர்களா! கேட்டீர்களா! சிகரங்களே, கேட்டீர்களா! ஷைர்குல், அழாதே! மாப்பிள்ளை, இப்போதாவது வாயைத் திற!

பொறுங்கள். சம்பந்தி காதிலிருந்து குமிழ்களைக் கழற்றுகிறார். ஒயரைச் சுற்றுகிறார். ஆகா, பெருந்தன்மை! ஆகா, பெரிய மனம்! இதோ இந்தக் கையில்தான்... சம்பந்தி, நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். சம்பந்தி? அங்கே எங்கே போகிறீர்கள்?

குல்பாரா கையில் வைக்கிறார்! "தலைநகரம் தூரம். பஸ்ல கேட்டுக்கிட்டுப் போம்மா" என்கிறார்!

அவள் வாங்கிக்கொண்டாள்! ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்! படிப்பும் அவளுக்கு, பாட்டும் அவளுக்கு! நானும் போண்டி, சம்பந்தியும் போண்டி! ஐயோ, ஏழு ஓநாய் வந்திருக்கலாமே! எழுபது ஓநாய் வந்திருக்கலாமே!

வாருங்கள் சம்பந்தி, இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள். பெட்டி இல்லாத இரண்டு கிழவர்களும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்போம். வேறு வழி?

பொறுத்துக் கேட்ட தலைவருக்கு நன்றி. பொரித்துப் போட்ட தாய்மார்களுக்கு நன்றி. 'புளுகு' என்ற தைச்சுபெக்குக்கும் நன்றி. மணமக்களின் மந்தை மலை நிறையப் பெருகட்டும், மகிழ்ச்சி மனை நிறையப் பெருகட்டும்! அனைவருக்கும் அடியேன் மாம்பெட்டலியின் வணக்கம்!

யாரங்கே, கயிற்றை அவிழுங்கள்! கார் போகட்டும்! குல்பாரா, சார்ஜ் போட மறந்துவிடாதே!