ஏழு பதவியும் ஒரு குமுதாவும்

அவைக்கு அணி செய்யும் கூட்டத் தலைவர் அமராவதி அம்மையார் அவர்களே, முந்திக்கொண்டு முன்வரிசை பிடித்த பெரியோர்களே, விடிகாலை வேனேறி ரவாங் தொழிற்சாலைக்குப் போகும் தாய்மார்களே, மடியில் உறங்கும் மழலைகளே, கெர்லிங் தோட்டத்துத் தனபாலன் தலை வணங்குகிறேன்!

நம் குழந்தைப் பராமரிப்பு மையத்திற்கு நான் தலைவர். துணைத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, பொருளாளர் உண்டு, ஆலோசகர் மூவர் உண்டு. ஏழு பதவி! கோவிலுக்குப் போட்ட பட்டியலை இதற்கும் போட்டுவிட்டோம். சோதனைக்கு வந்த அதிகாரி விஜயராணி அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிள்ளைங்கள யாரு பாக்குறா?"

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பதினொரு பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சி, கால் கழுவி, தாலாட்டியவர் ஒரே ஒருவர், குமுதா!

"கைக்குழந்தை மூணுக்கு ஒருத்தர் வேணும். பயிற்சிச் சான்றிதழ் எங்க?"

விடுவேனா? "நாலு பிள்ள பெத்தவன்மா நான்!" என்று மார்தட்டினேன். (என்ன அங்கே சிரிப்பு? பெற்றது யார் என்று என் மனைவி கேட்கிறாள். சரி, திருத்திக்கொள்கிறேன்!)

அதிகாரி ஒரு ரப்பர் பொம்மையை என் கையில் கொடுத்தார். "தொண்டையில கடலை சிக்கிருச்சு. என்ன செய்வீங்க?" உச்சந்தலையில் தட்டினேன். ஊதினேன். திருநீறும் பூசினேன்!

"பிள்ள போயிருச்சு, ஐயா. அறுபது நாள்ல மூணு பேரு பயிற்சி முடிக்கலன்னா, இடத்தப் பூட்டிருவோம்."

பூட்டினால் பிள்ளைகளை இங்கே விட்டுப் போகும் தாய்மார்களின் வேலை போகும். ஏழு பதவியில் ஒன்றாவது அசைந்ததா? ஐம்பத்திரண்டு வயதில் குமுதா அசைந்தார்! நம் தோட்டத்துப் பெண்கள் புஷ்பாவையும் நித்தியாவையும் இழுத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கோலா குபு பாருவுக்குப் பஸ்ஸேறிப் படித்தார். உரிமம் பிழைத்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை, பதினொரு மாதப் பவனேஷுக்கு ஒருவர் ஆசையாய்க் கடலை ஊட்டினார். யார் அந்த அறிவாளி? நான்தான்! பிள்ளையின் முகம் நீலமானது. என் கை எங்கே போனது? மறுபடியும் உச்சந்தலைக்கு!

"கைய எடுங்க, தலைவரே!"

குமுதா பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்களுக்கு நடுவே தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... கடலை விழுந்தது, அழுகை எழுந்தது! அதைவிட இனிய ஓசையை நான் கேட்டதில்லை. அன்று நானும் அழுதேன். பதவி காத்ததா? பட்டியல் காத்ததா? பயிற்சி காத்தது, ஐயா, பயிற்சி காத்தது!

இன்றுமுதல் மையத்தின் மேற்பார்வையாளர் குமுதா. என் பதவியை இங்கேயே இறக்கி வைக்கிறேன். (மெதுவாகக் கைதட்டுங்கள், பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள்!) சமையல் வேலை கேட்டேன். அதற்கும் பயிற்சியாம், டைஃபாய்டு ஊசியாம். குமுதா பக்கத்தில் நின்றால் போட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு என் நன்றி, உங்களுக்கு என் வணக்கம். வாசலில் கடலைப் பொட்டலம் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு மட்டும்!